அருணாக்கொடி கட்டிய தோட்டா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாயுள்ளவர்கள் எல்லாரும் இப்போது தம்பிஐயா அண்ணனைத்தான் திட்டுகிறார்கள். அவருக்குக் கருநாக்காம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அவர் சொன்ன சொல்தான் வந்து என் புருஷனைப் பிடித்ததாம். பைப்படியில் பேசுகிறார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேசுகிறார்கள், உடப்புசல்லாவை பஸ்ஸில் என் காதுபடவே பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனுஷனைப் பற்றி எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் திட்ட வேண்டும் போலிருந்தால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜீவராணி. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்தப் பிள்ளை மடுவத்தில் முப்பது வருடமாக வேலை. நாலு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளையும் அதட்டி அதட்டி என் குரல் இப்படி ஆகிவிட்டது. அதனால் நான் மெதுவாகப் பேசினாலும் சண்டை போடுவது போல இருக்கும். நான் சண்டை போடுவதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

தம்பிஐயா அண்ணன் இதற்கு நேர் எதிர். ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபேக்டரியில், ஃபிட்டர் வேலை பார்த்தவர். பதினெட்டு வயதில் தேயிலை அரைக்கிற ரோலர் பக்கத்தில் போய் நின்றவர், அறுபதில் வெளியே வரும்போது பாதிச் செவிடு. பேச்சு ரொம்பக் குறைவு. எதையும் கண்ணால் பார்த்து நம்ப மாட்டார், விரலால் தடவிப் பார்ப்பார். கடையில் அலுமினியச் சட்டி வாங்கினால்கூட உள்ளே நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்பார். ஒருநாள் மடுவத்துத் தொட்டிலின் கொக்கியைச் சும்மா தடவினார். "தங்கச்சி, புள்ளையத் தூக்குங்க" என்றார். தூக்கி இடுப்பில் வைத்தேனோ இல்லையோ, கொக்கி இரண்டாகி விழுந்தது. அந்தப் பிள்ளை இன்றைக்குக் கொழும்பில் வேலை செய்கிறது. அதன் அம்மாவும் இப்போது அண்ணனைத் திட்டுகிறாள். நன்றி கெட்ட ஜென்மம்.

அவருடைய மனைவி ராசம்மா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் தனுஜா கட்டிக்கொடுத்து பூண்டுலோயாவில் இருக்கிறாள். இவர் எட்டாம் லயத்துக் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார். ரோலர் நின்றுபோனால் இன்றைக்கும் ஸ்டோரில் இருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். ஸ்குரூ டிரைவரின் முனையை மெஷினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். எந்த பேரிங் போயிருக்கிறது என்று விரலைக் காட்டுவார். அதுவாகத்தான் இருக்கும்.

அவர் ஸ்டோரில் வேலை பார்த்த காலத்தில் இங்கே மேனேஜராக ஒரு பெரிய துரை இருந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான். ஆனால் துரைத்தனத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை. அவருக்கு வேட்டைப் பைத்தியம். அவரிடம் இருந்தது வெள்ளைக்காரன் காலத்து ரைஃபிள். அதற்கான தோட்டா ஊரில் கிடைக்காது. அதனால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டையே எடுத்துவந்து மறுபடியும் வெடிமருந்து நிரப்ப வேண்டும். கை சுத்தமான ஆள் யார் என்று துரை தேடியபோது தம்பிஐயாவைக் காட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவின் பின்பக்க அறையில் துரையும் இவரும் உட்கார்ந்துவிடுவார்களாம். என் புருஷன் லக்ஸ்மன் அப்போது பங்களாத் தோட்டத்தில் பூச்செடிக்கு வேலை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

அந்தத் தோட்டாவை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுவிரல் நீளம். அடிப்பக்கத்தில், இடுப்பைச் சுற்றி, பித்தளையிலேயே மேடாக ஒரு வளையம். பார்த்தால் கைக்குழந்தைக்கு அருணாக்கொடி கட்டின மாதிரியே இருக்கும். தோட்டத்தில் எல்லாரும் அதை அருணாக்கொடித் தோட்டா என்றுதான் சொல்வோம். வேறு தோட்டாக்களுக்கு இது கிடையாது.

ஒன்பதாம் நம்பர் மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் எங்கள் முனி இருக்கிறார். சிலை கிடையாது, ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் என் அப்பா அங்கே பூசை போடுவார். அப்பாவுக்குப் பிறகு ஆம்பிளைகள் யாரும் வரவில்லை. எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் போன். சரிதான் போங்கடா என்று நானே செய்யத் தொடங்கினேன். வியாழக்கிழமை பின்னேரம் பித்தளைச் சாமானை விளக்கி வைப்பேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவேன்.

கல்லின் காலடியில் பன்னிரண்டு தோட்டாக் கூடுகள் வரிசையாக நிற்கும். துரை இருந்த காலத்தில் தம்பிஐயா அண்ணன் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தவை. வைக்கும்போது ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்வார்: "வேட்டைக் காணிக்கை. முனிக்குக் குடுத்தது. எடுக்கிறவன் கண்ணு போயிரும்." பேசாத மனுஷன் பேசினால் சும்மாவா? அப்படியே பதிந்துபோனது. செம்புக் கம்பியையும் இரும்பையும் விட்டுவைக்காத பயல்கள்கூட அந்தக் கூடுகளைத் தொட்டதில்லை.

துரை தொண்ணூற்றெட்டில் பங்களா விராந்தையில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். மாரடைப்பு. ரைஃபிளை மட்டும் காணவில்லை. போலீஸ் வந்து கேட்டார்கள், கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. துரை கையோடு கொண்டுபோய்விட்டார் என்று கதை கட்டினார்கள். மிஸ்ட், அந்த மலைப்பனி, இறங்கினால் ஒன்பதாம் மலையில் பூட்ஸ் சத்தம் கேட்கிறது என்று கொழுந்துக்காரப் பெண்கள் சொன்னார்கள். நான் நம்பவில்லை. பேய்க்கு எதற்கடி பூட்ஸ் என்று கேட்டு அவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனேன். விளக்கைத் தேய்த்தேன், மணியைத் தேய்த்தேன், கூடுகளைக் கையில் எடுத்தேன். பதினொன்றுதான் இருந்தது. புல்லுக்குள் தேடினேன், இல்லை. மறு வியாழன் போனால் பன்னிரண்டும் நிற்கிறது. ஒன்று மட்டும் கறுத்துப்போய், வாயெல்லாம் கரி பிடித்து, மருந்து நாற்றத்தோடு நிற்கிறது. அதன் முன்னால் எரிந்து அணைந்த கற்பூரம்.

அந்தக் கிழமை நடுவில் மலைப் பக்கம் ஒரு வெடிச்சத்தத்தை நாங்கள் எல்லாரும் கேட்டிருந்தோம். பட்டாசு இல்லை, மலையே ஒருமுறை குலுங்கி நின்றது போன்ற சத்தம். யார் வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பன்றிகள் அதோடு இரண்டு கிழமை கீழே இறங்கவில்லை.

வேறு என்ன நினைப்பேன்? முனி வேட்டைக்குப் போகிறார் என்று நினைத்தேன். தன் காலடியில் கிடந்த தோட்டாவைத் தானே எடுத்துக்கொண்டு போய், வேலையை முடித்துவிட்டு, கொண்டுவந்து வைத்திருக்கிறார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஊரெல்லாம் சொன்னேன். ஆட்கள் சேவலும் சுருட்டும் கொண்டுவரத் தொடங்கினார்கள். என் அப்பா காலத்திலும் அந்தக் கல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரி பிடித்த அந்தக் கூட்டைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, தென்னந்தும்பால் அழுத்தித் தேய்த்தேன். தங்கம் போல வந்தது.

தை மாதம் முடிவதற்குள் ஐந்து தடவை அப்படி நடந்தது. ஐந்து தடவையும் நான்தான் கரியைத் தேய்த்து எடுத்தேன். நாலாவது தடவையை மறக்கவே முடியாது. அன்று வெயிலே இல்லை, மிஸ்ட் கல்லுக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. கறுத்த கூட்டை எடுத்தேன். சூடாக இருந்தது. கீழே போட்டுவிட்டேன். சுற்றிலும் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. "அப்பா, நா வௌக்கத்தான் வந்தேன், வேற ஒண்ணுக்கும் வரல்ல" என்று கல்லைப் பார்த்துக் கத்திச் சொல்லிவிட்டுத் தேய்த்தேன்.

வீட்டுக்கு வந்து லக்ஸ்மனிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு காட்டோரம் கொஞ்ச நிலம் பிடித்து லீக்ஸும் கிழங்கும் போட்டிருந்தார். பன்றிக் காவலுக்காகக் கிழமையில் மூன்று நாள் அங்கேயே குடிலில் படுப்பார். கையில் பட்டாசு மட்டும்தான், அப்படித்தான் எனக்குத் தெரியும். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "நல்லா வௌக்கி வையி ராணி. முனி சாமான் கரியோட இருக்கக்கூடாது" என்றார். மறுநாள் டவுனுக்குப் போனவர் ஒரு கிலோ பழம்புளி வாங்கிவந்து கொடுத்தார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் கேட்காமல் ஒரு பொருள் வாங்கி வந்தாரே என்று எனக்குச் சந்தோஷம்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை மறுபடியும் பதினொன்று. இந்த முறை தம்பிஐயா அண்ணன் விறகோடு அந்த வழியாக வந்தார். மனைவி போன பிறகு அவர் கல் பக்கம் வருவதே இல்லை. ஊரில் பேசுவதும் அவர் காதில் ஏறாது. நானே பெருமையாகக் கூப்பிட்டு, சத்தம் போட்டுச் சொன்னேன். "அண்ணே, நீங்க குடுத்த காணிக்கையிலதான் முனி வேட்டைக்குப் போறாரு. இன்னைக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு, பாருங்க!"

அவர் விறகைக் கீழே போட்டார். வரிசையாக மின்னிக்கொண்டிருந்த கூடுகளைப் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

"இதுகள யாரு இப்புடி ஆக்குனது?"

"நான்தான். கிழமைக்குக் கிழமை வௌக்குறேன்."

"ஐயோ தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். சட்டைப் பையில் இருந்து ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். அதன் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். ஸ்டோர்க் காலத்தில் இருந்து அது அவர் பையிலேயே இருக்கிறது. ஒரு கூட்டை எடுத்து, கம்பியை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக இழுத்தார். பிறகு என் கையில் கொடுத்தார். "நீங்க இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். வழுவழு என்று வந்த கம்பி, அருணாக்கொடிக்குச் சற்று மேலே வந்ததும் எதிலோ விழுந்து ஏறியது. வெளியே அந்த இடத்தைத் தடவினேன். ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே மட்டும் சுற்றிலும் ஒரு பள்ளம்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மத்தத் தோட்டாவெல்லாம் கழுத்துக்குக் கீழ இருக்கிற தோள்ல நிக்கும், இல்லாட்டி அடியில விளிம்பு இருக்கும், அதுல நிக்கும். இதுக்குத் தோள் ரொம்பச் சரிவு, பிடிக்காது. விளிம்பு வச்சா அடுத்த தோட்டாவோட மாட்டிக்கும். அதுக்குத்தான் வெள்ளக்காரன் இடுப்புல வளையம் வச்சான். அந்த வளையம் முட்டி நிக்கிறதால தோட்டா ஒழுங்கா நிக்குது. நல்ல யோசனதான். ஆனா முன்னுக்குக் கொஞ்சம் எடம் இருக்குது பாருங்க. வெடிக்கிறப்ப ஒடம்பு முன்னுக்குப் போகுது, அடி பின்னுக்குப் போகுது. வளையத்துக்கு மேல பித்தள இழுபடுது. ரொட்டி மாவ இழுத்தா நடுவுல மெலியுமே, அந்த மாதிரி. அஞ்சாறு தடவ திருப்பித் திருப்பி மருந்து போட்டா அத்துக்கிட்டுப் போயிரும்."

"அத்துக்கிட்டா என்னாகும்?"

"நெருப்பு பின்னால வரும். கண்ணுக்குப் பக்கத்துலதானே வச்சிக் குறி பாக்குறாங்க?"

மெலியத் தொடங்கினால் வெளியே மங்கிய பித்தளையில் வெள்ளி நூல் போல ஒரு வளையம் தெரியுமாம். அதுதான் அடையாளம். அது தெரிந்துவிட்டால் அந்தக் கூடு செத்தது, தொடக்கூடாது. துரைக்கு மருந்து போடும்போது அந்த நூல் தெரிந்த கூடுகளை எல்லாம் ஒதுக்கியவர் இவர். ஆனால் குப்பையில் போட்டால் துரை பொறுக்கி எடுத்து இன்னொரு தடவை போடச் சொல்வார், கஞ்சன். எங்கே வைத்தால் துரை உட்பட ஒருவரும் கை வைக்க மாட்டார்கள் என்று யோசித்து முனியிடம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். காணிக்கை என்று சொன்னதும் பொய், கண் போகும் என்று சொன்னதும் பயம் காட்டத்தான். பன்னிரண்டும் செத்த கூடுகள். நான் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த வெள்ளி நூலை ஒன்றில்கூட இல்லாமல் அழித்திருக்கிறேன்.

"ஒரு சுத்தியலடி போதும் தங்கச்சி, இதுகள நசுக்கிப் போட. அன்னைக்கே செஞ்சிருக்கணும். எவ்வளவு நேர்த்தியா செஞ்ச சாமான், மனசு வரல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு அப்போதும் சரியாக ஏறவில்லை. "அப்போ சுடுறது முனி இல்லையா?" என்று கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"முனிக்கு எதுக்கு தங்கச்சி துவக்கு? யாரோ மனுசன். பன்னெண்டாவது கூடு இப்ப அவன் துவக்குல இருக்கு."

அன்று பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் லயம் லயமாக அலைந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. திருட்டு வேட்டை, போலீஸ், ஜெயில், யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? நிரோஷன் என்ற பயல் மட்டும், "முனியவே சந்தேகப்படுறீங்களாக்கா? கண்ணு பத்திரம்" என்று சிரித்தான். ஒரு அறை விட்டிருப்பேன், அண்ணன் பிடித்துக்கொண்டார். வீட்டில் லக்ஸ்மன் இல்லை, குடிலில் காவல். அங்கே சிக்னலும் எடுக்காது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டாசு போடுகிற மனுஷனுக்கு இதில் என்ன வேலை?

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்குப் போனோம். வேலைக்குப் போகிற அத்தனை பேரும் பேர் கொடுக்க வந்து நிற்கிற இடம் அது ஒன்றுதான். கணக்கப்பிள்ளை கஜேந்திரன் பேர் கூப்பிட்டு முடித்ததும் தம்பிஐயா அண்ணன் முன்னால் போய் நின்றார். நாற்பது வருடம் வேலை செய்த இடத்தில் அவர் பொதுவில் பேசியதை யாரும் பார்த்ததில்லை. முதுகுப்பக்கம் மிஸ்ட் அவரைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவே ஒரு கூட்டை இரும்பறுக்கிற வாளால் நெட்டுக்கு அறுத்து இரண்டாக்கி வைத்திருந்தார். அதைத் தூக்கிக் காட்டினார். வளையத்துக்கு மேலே, உள்ளே, பித்தளை காகிதம் போல இருந்தது.

"யாரு எடுத்தீங்கன்னு கேக்க மாட்டேன். போலீசுக்கும் போக மாட்டேன். நா சொன்னது பொய். அது காணிக்க இல்ல, கழிச்சது. கும்பிட்டுக் கேக்குறேன், அதுல வெடி வைக்க வேணாம்."

சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் வேறு மாதிரி கேட்டார். "சரி. இந்த அஞ்சாறு மாசத்துல பன்னி எறைச்சி யாரு யாரு வீட்டுல ஆக்குனீங்க? அதயாவது சொல்லுங்க."

நான் கூட்டத்தைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். "சொல்லித் தொலைங்களேன்" என்று சொல்லத்தான். அந்த வார்த்தை வரவில்லை. ஆவணியில் மிளகு தட்டிப் போட்டு, ஐப்பசியில் கோரக்காய்ப் புளி போட்டு, தை பிறந்த மறுகிழமை பாதியை உப்புக்கண்டம் போட்டு நான் ஆக்கிய இறைச்சி ஞாபகம் வந்தது. காட்டு வாச்சர் கொடுத்தான் என்று லக்ஸ்மன் சொல்லியிருந்தார். எந்த வாச்சர் என்று நான் கேட்டதில்லை. பழம்புளி ஞாபகம் வந்தது. துரை செத்த வருடம் எங்கள் காம்பராக் கூரைத் தகரத்தை லக்ஸ்மன் தானாகவே ஏறி மாற்றியதும் ஞாபகம் வந்தது. ஒரு துவக்கை ஒளிக்க அந்த இடம் போதும்.

நான் ஓடத் தொடங்கிவிட்டேன்.

பெரட்டுக் களத்தில் இருந்து ஒன்பதாம் மலைக்குக் குறுக்குப் பாதையில் போனால் இருபது நிமிடம். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மிஸ்ட் அவ்வளவு கெட்டி, பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. "இந்தாங்க! ஏங்க! வேணாங்க!" என்று கத்திக்கொண்டே ஏறினேன். என் குரலுக்கு மலையின் அந்தப் பக்கம் இருந்து பதில் வருவது போலவே இருந்தது, ஆனால் அது என் குரல் மாதிரி இல்லை. முனி கல்லைத் தாண்டும்போது ஏதோ நெடி அடித்தது. அன்று இன்னும் யாரும் வெடி வைக்கவில்லை, ஆனால் மருந்து நெடி அடித்தது. பின்னால் தம்பிஐயா அண்ணனின் மூச்சு இரைக்கிற சத்தம். அதற்கும் பின்னால் கனமான காலடிகள். ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் அப்போது யாருமே புறப்பட்டிருக்கவில்லை என்றார்கள்.

லீக்ஸ் பாத்தியின் வேலி தெரிந்தபோது வெடித்தது. ஐந்து தடவை கேட்ட சத்தம் இல்லை இது. இரண்டாக உடைந்த சத்தம். முதலில் கனமாக ஒன்று, அதோடு ஒட்டிக்கொண்டு விசில் அடித்த மாதிரி ஒன்று. பாதிச் செவிடான தம்பிஐயா அண்ணன் அதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.

லக்ஸ்மன் குடிலுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார், சாமி கும்பிடுகிற மாதிரி. முகத்தைப் பொத்தியிருந்த விரல்களுக்கு இடையில் ரத்தம் வழிந்தது. பக்கத்தில் துரையின் ரைஃபிள். பாத்தியில் ஒரு பன்றியும் இல்லை, கால்தடம்கூட இல்லை. "வந்து நின்னுச்சு ராணி. பெருசா, கறுப்பா, நிமிந்து நின்னுச்சு" என்று முனகினார்.

தம்பிஐயா அண்ணன்தான் தன் சாரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டார், தான் சட்டையும் உள்காற்சட்டையுமாக லக்ஸ்மனை முதுகில் தூக்கினார். அறுபத்தேழு வயது. கீழே ரோட்டில் திரிவீல் ஆட்டோ பிடிக்கும் வரை இறக்கவில்லை. இப்போது அவரைக் கருநாக்கு என்று சொல்கிறவர்கள் ஒருவராவது அன்றைக்கு முன்னால் வந்து ஒரு கை கொடுத்தார்களா? சாபம் பிடித்த உடம்பைத் தொடக்கூடாதென்று ஒதுங்கி நின்றார்கள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். கன்னத்தில் இருந்து பித்தளைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். போலீஸ் வந்து ரைஃபிளைக் கொண்டுபோனது. மருந்து எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று கேஸ் இன்னும் நடக்கிறது. ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோதே தம்பிஐயா அண்ணன் தோட்டத்துக்குத் திரும்பிப்போய், மீதி இருந்த கூடுகளைப் பட்டறைக் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்கினாராம். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள் சொன்னார்கள், மனுஷன் அழுதுகொண்டே அடித்தார் என்று.

ஒன்பதாம் நாள் லக்ஸ்மனுக்குப் பேசுகிற தெம்பு வந்தது. நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தார்.

"முனிகிட்ட எடுத்தா கண்ணு போகும்னு சொன்னாங்கதானே" என்று மெதுவாகச் சொன்னார் லக்ஸ்மன். "நா எடுக்கலியே. கடனா வாங்கித் திருப்பிக் குடுத்தேன். கற்பூரம் கொளுத்திட்டுத்தான் எடுத்தேன், சுட்ட மறுநாள் ஆறினப் பொறகு கொண்டுபோயி கற்பூரத்தோட வச்சேன். மூணு தடவையும் அப்புடித்தான்."

"அஞ்சு தடவ" என்றேன்.

"இல்ல ராணி. மூணு. இதோட நாலு."

மூன்று தடவைதான் இறைச்சி ஆக்கினேன், அது எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து தடவை கரியைத் தேய்த்தது இந்தக் கை. சூடாக ஒன்றைத் தொட்டதும் இந்தக் கைதான். அண்ணன் எங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கஞ்சியை மறுபடியும் கலக்கத் தொடங்கினேன்.

லக்ஸ்மன் கட்டுக்கு மேல் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு அண்ணன் பக்கம் தலையைத் திருப்பினார்.

"அந்தக் காலத்துல நீங்க தொரைக்குச் சொன்னத ஜன்னல்ல நின்னு கேட்டிருக்கேன் அண்ணே. வெள்ளி நூலு தெரிஞ்சாப் போடக்கூடாதுன்னு. ஒவ்வொரு தடவையும் பாத்தேன். இதையும் திருப்பித் திருப்பி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். ஒரு நூலுகூட இல்ல. புத்தம் புதுசு மாதிரி இருந்துச்சு." மிச்சம் இருந்த கண்ணால் என்னைத் தேடி, என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராணி வௌக்கினதுல்ல. அவ்வளவு சுத்தம்."

என் நகத்துக்குள் புளிக்கறை இன்னும் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, கஞ்சிக் கோப்பையைக் கழுவ வெளியே போனேன்.